கெட்டேன் என்று வாசித்தவள்

சபையில் உள்ள எல்லாருக்கும் வணக்கம். முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பக்கத்தில் சாட்சி எழுதுகிறவர்கள் நன்றாகப் படித்தவர்கள், நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பழகியவர்கள். நான் எட்டாம் வகுப்பு, அதுவும் ஹிந்தி மீடியம். சபைப் பத்திரிகைக்கு எழுதித் தரும்படி போதகர் ஐயா கேட்டபோது, "வேண்டாம் ஐயா, எனக்கு வராது" என்றேன். சொல்லி முடித்ததும் அந்த வார்த்தை என் காதிலேயே உறைத்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பிழை அதிகம் இருக்காது. அதைப் பார்க்கிறவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இது இனிப்பான சாட்சி இல்லை. எனக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் வருகிற சிலர் இதை வாசிப்பார்கள். அவர்கள் பெயரை எழுதவில்லை.

நான் தாராவியிலேயே பிறந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் கிடங்கு வேலைக்கு மும்பை வந்தவர். தமிழ்ப் பள்ளிக்கூடம் எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில்தான் இருந்தது. "தமிழ் படிச்சு இங்க யாருக்கு லெட்டர் போடப்போற?" என்று சொல்லி அப்பா என்னை ஹிந்திப் பள்ளியில் சேர்த்தார். அவர் நினைத்ததில் தப்பில்லை. ஹிந்தியில் என் வாய் ஓடும். ஆட்டோக்காரனோடு சண்டை போடவும் ரேஷன் கடையில் நியாயம் கேட்கவும் எனக்குப் பயமே கிடையாது. தமிழ் பேசத்தான் தெரியும். எழுத்தைப் பார்த்தால் வளையமும் சுழியுமாகத் தெரியும், அவ்வளவுதான்.

எனக்கு வாய்த்த கணவரோ தமிழில் புலி. ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வந்தவர். மாட்டுங்காவில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அச்சடிக்கிற ஒரு சின்ன பிரஸ்ஸில் பிழை பார்ப்பது அவர் வேலை. 'திருவளர்செல்வி'யில் ஒரு 'ச்' கூடிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கல்யாணமான புதிதில் எனக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தரச் சொன்னேன். சிலேட்டு வாங்கி வந்தார். மூன்று சாயங்காலம் சொல்லித் தந்தார். ல, ள, ழ மூன்றையும் நான் மாற்றி மாற்றிப் போட்டேன். மூன்றாம் நாள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "விடு. உனக்கு வராது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வராது என்பதுபோலச் சொன்னார்.

இருபத்தாறு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு சொல்லும் அன்றிலிருந்து எங்களோடேயே குடித்தனம் நடத்தின.

ஆலயத்தில் வேதத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசிப்பதுபோல இருப்பேன். பக்கத்தில் இருப்பவர் புரட்டும்போது நானும் புரட்டுவேன். எத்தனை வருஷம் அப்படிப் புரட்டினேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. எங்கள் மகள் கல்யாணமாகி நவி மும்பை நெருளுக்குப் போகும்போது ஒரு பழைய போனைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் வேத வசனங்களைத் தமிழில் ஒருவர் வாசிப்பார். ஒரு வரி கேட்பேன், நிறுத்துவேன், ஹிந்தி எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். சத்தம் தமிழ், எழுத்து ஹிந்தி. கணவர் வேலைக்குப் போன பிறகு அந்த நோட்டை வைத்து நானாக வாசிப்பேன். யாருக்கும் தெரியாது. என்னால் முடிந்த வாசிப்பு அதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்ட் மாதம், பெண்கள் ஞாயிறு வந்தது. யார் வேதபாடம் வாசிப்பது என்று ஒவ்வொரு வருஷமும் வாசிக்கத் தெரிந்தவர்கள் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வார்கள். அந்த வருஷம் அதில் மனஸ்தாபம் வந்து, எல்லாப் பெண்கள் பெயரையும் எழுதிச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். சீட்டு என் பெயருக்கு விழுந்தது. நான் உடனே மறுத்திருக்க வேண்டும். ஆனால் இத்தனை பேரில் என் பெயர் விழுந்ததென்றால் கர்த்தர்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டேன். சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால்தான் இப்போதும் வலிக்கிறது.

இரண்டு வாரம் அந்தப் பகுதியைப் போட்டுக் கேட்டு எழுதி, நூறு தடவை வாசித்துப் பழகினேன். ஞாயிறன்று நோட்டிலிருந்து தாளைக் கிழித்து வேதத்துக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். மைக்குக்கு முன்னால் நின்றேன். முதல் நாலு வரி நன்றாகவே வந்தது.

அந்தப் பகுதியில், தான் கர்த்தரிடத்தில் ஒரு காரியத்தைக் கேட்டதாக ஒரு பக்தன் சொல்கிற இடம் வரும். 'கேட்டேன்' என்று வாசிக்க வேண்டும். தமிழில் 'கெ' வேறு, 'கே' வேறு. ஹிந்தியில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். வீட்டில் அந்த இடம் வரும்போதெல்லாம் வாய் தானாக 'கே' என்று நீண்டுவிடும். அன்றைக்கு நூற்றைம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயை விட்டுவிட்டுக் கண்ணை நம்பி அவசரமாக வாசித்தேன், எழுத்து குறுகிவிட்டது. 'கெட்டேன்' என்று வாசித்தேன். கர்த்தரிடத்தில் போய் நான் நாசமாகிப்போனேன் என்று மைக்கில் சொன்னேன்.

பாடகர் பக்கம் யாரோ 'க்ளுக்' என்றார்கள். எனக்கு என்னவென்று புரியவில்லை. சத்தம் சரியாக எட்டவில்லையோ என்று நினைத்து, அந்த வரியை மறுபடியும், முன்னைவிடச் சத்தமாக வாசித்தேன். அதற்குப் பிறகு ஆலயம் முழுக்கச் சிரித்தது. சின்னப் பிள்ளைகள், பெரியவர்கள், மைக் பிடித்துக்கொண்டிருந்தவர்கூட. என் சேலையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டே மீதியை வாசித்து முடித்தேன்.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்போது, முதல் பெஞ்சில் உட்காருகிற ஒரு அம்மா என் தோளைத் தட்டினார்கள்.

"என்ன பிள்ளே, கர்த்தர்கிட்டப் போயி கெட்டுட்டியா? நாங்கல்லாம் பொழைச்சுல்லா கிடக்கோம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமலே சிரித்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் என் கணவர் நாலு அடி முன்னால் நடந்தார். வடாபாவ் கடை முக்கு வந்ததும் நின்றார்.

"கேட்டேன்னா கேக்குறது. கெட்டேன்னா நாசமாப் போறது. இதுகூடத் தெரியாதா ஏட்டி?"

"பேச்சுல தெரியும்ங்க. எழுத்துல தெரியல."

"ஹிந்தியில எழுதி வச்சு வாசிச்சா அப்படித்தான் வரும். அன்னைக்கே சொன்னேன்லா, உனக்கு வராதுன்னு."

அவருக்கு என் நோட்டைப் பற்றித் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எத்தனை வருஷமாகத் தெரியுமோ. ஒரு நாள்கூட, "கொண்டா, சரியா இருக்கான்னு பாக்கேன்" என்று கேட்டதில்லை. முகம் தெரியாத மாப்பிள்ளை பெண்ணுக்கெல்லாம் ஒற்றுப்பிழை பார்த்துக் கொடுத்தவர், நான் இரண்டு தடவை தப்பாக வாசிக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எனக்குப் பெயரே 'கெட்டேன் அக்கா' என்று ஆகிவிட்டது. "கெட்டேன் அக்கா, மீன் வந்திருக்கு வாரீங்களா?" "கெட்டேன் அக்கா, குழாயில தண்ணி வருதா?" பாசமாகத்தான் கூப்பிட்டார்கள். பாசமாகக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. வீட்டு ஜெபக் கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக ஜெபிப்போம் அல்லவா, என் முறை வரும்போது நான் பக்கத்தில் இருப்பவர் கையை அழுத்திவிடுவேன். அவர்கள் தொடங்கிவிடுவார்கள். ஜெபம் என்னைத் தாண்டிப் போய்விடும். மாதக்கணக்கில் அப்படித் தாண்டிப் போனது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

தனியாக ஜெபிப்பதும் நின்றுவிட்டது. தமிழில் தொடங்கினால் தப்பாகிவிடுமோ என்று தோன்றும். ஹிந்தியில் தொடங்கினால் யாரோ அந்நியரோடு பேசுவதுபோல இருக்கும். நோட்டைத் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அதே வருஷம் டிசம்பர் மாதம், கல்யாணப் பத்திரிகை வேலை அதிகமாக இருக்கிற நேரம். பிரஸ்ஸிலிருந்து அவரை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். பக்கவாதம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கால் கொஞ்சம் தேறியது, பேச்சு வரவில்லை. டாக்டர் ஹிந்தியில் எனக்கு விளக்கினார். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், வார்த்தை வாய்க்கு வருகிற வழிதான் உடைந்திருக்கிறது, தினமும் பயிற்சி கொடுங்கள், வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்றார்.

சபையார் பார்க்க வந்தார்கள். நன்றி சொல்கிறேன். முதல் பெஞ்சு அம்மாவும் வந்து அவர் தலையில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார்கள். எனக்கே கண்ணீர் வந்தது. அவர்கள் வெளியே போனதும் டீயை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். படியில் செருப்பு மாட்டிக்கொண்டே இன்னொரு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வாயால சொல்றது பலிக்கும்னு சும்மாவா சொல்லுதாவ? மைக்க வச்சுல்லா சொன்னா, கெட்டேன்னு. அதுவும் ஒரு தடவையா? ரெண்டு தடவை!"

நான் பின்னால் நிற்பதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "டீ ஆறிடும், குடிங்கக்கா" என்று கொடுத்தேன். குடித்தார்கள். சீனி குறைவு என்றார்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லமாட்டேன். அவர்கள் சொல்வதற்கு முன்பே நான் அதை நினைத்துவிட்டேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து மூன்று வாரமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாய்தான் இந்த வீட்டைக் கெடுத்தது. இந்த வாயால் அவருக்காக ஜெபித்து, அதையும் தப்பாகச் சொல்லி, வேறு ஏதாவது ஆகிவிட்டால்? சொன்னால் நம்பமாட்டீர்கள். கணவர் படுத்துக் கிடக்கும்போது ஒரு மனைவி அவருக்காக வாயைத் திறந்து ஜெபிக்கவில்லை. பயந்துகொண்டு சும்மா இருந்தேன்.

காலையில் நான் வேலைக்குப் போவேன். செம்பூரில் ஒரு பால்வாடியில் ஆயா வேலை. மத்தியானம் வரைக்கும் பக்கத்து ரூம் பாத்திமா அக்கா அவரைப் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் காயல்பட்டினத்துக்காரர்கள். வீட்டுக்காரர் மாஹிம் போகிற வழியில் பர்ஸ் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். பால்வாடியில் டீச்சர் வராத நாளில் பிள்ளைகளுக்கு நான்தான் எழுத்து சொல்லிக் கொடுப்பேன். அழுகிற பிள்ளையிடமெல்லாம் "ஆயேகா பேட்டா, ஆயேகா" என்பேன். வரும் கண்ணு, வரும். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வேன். அந்த வார்த்தையை எனக்கு நானே ஒரு தடவையும் சொல்லிக்கொண்டதில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு தாள் கொடுத்திருந்தாள். ஆ, ஈ, ஊ, மா, பா என்று தினமும் சொல்ல வைக்க வேண்டும். அவர் வாயைத் திறக்கமாட்டார். உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஆயுசு முழுக்க அடுத்தவர் பிழையைத் திருத்தியவர் அவர். தப்பான ஒரு சத்தம் தன் வாயிலிருந்து வருவதை அவரால் தாங்க முடியவில்லை. தப்பாகச் சொல்வதைவிடச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தார். ஜெபக் கூட்டத்தில் நான் அடுத்தவர் கையை அழுத்தியது போலத்தான்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் அரை மணி நேரம் கெஞ்சினேன். கடைசியில் வாயைத் திறந்து முயன்றார். 'ம்ம்ம்' என்று ஒரு சத்தமும் எச்சிலும்தான் வந்தன. தாளைத் தட்டிவிட்டார். அது என் முகத்தில் பட்டுக் கீழே விழுந்தது.

"விடுங்க. உங்களுக்கு வராது" என்றேன்.

சபையாரே, இதை நான் மறைக்கக் கூடாது. அது வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. இருபத்துநாலு வருஷம் அதை நான் வைத்திருந்தேன். ரொம்பத் தெளிவாகச் சொன்னேன். அந்தத் தமிழில் ஒரு பிழையும் இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது திருப்தியாக இருந்தது என்று எழுதவே கை கூசுகிறது. ஆனால் இருந்தது, ஒரு நிமிஷம். அதற்குப் பிறகு என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. எழுத்து வராதவள் என்றுதான் இத்தனை நாளும் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். நல்லவள் என்றாவது ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. அதுவும் போய்விட்டது.

மறுநாள் காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் பாத்திமா அக்கா.

"என்ன புள்ளே, மூஞ்சி இப்படி வீங்கிக் கிடக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாத நோட்டைப் பற்றியும் சொன்னேன். அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இதுக்கா இந்த அழுகை? எங்க உம்மாவுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. அரபி எழுத்துலதான் தமிழ எழுதுவா. எனக்கு லெட்டர் வரும், 'மகளே, சுகமா இருக்கியா, மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தாரா'ன்னு, எல்லாம் அரபி எழுத்து. வாசிச்சா தமிழு. எனக்குப் புரியும். போஸ்ட்மேனுக்குத்தான் புரியாது. நீ என்ன, போஸ்ட்மேனுக்கா எழுதுற?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அக்கா உள்ளே போய்விட்டார்கள். அடுத்து நான்தான். கையில் தண்ணீர் டப்பாவோடு, அந்த வரிசையில் நின்றபடியே, ஆறு மாதத்துக்குப் பிறகு ஜெபித்தேன். பாதி தமிழ், பாதி ஹிந்தி. இப்படித்தான் இருந்தது:

"ஆண்டவரே, எனக்கு வராதுன்னு அவர் சொல்லிட்டார். சபையிலயும் சிரிச்சுச் சொல்லிட்டாங்க. நானே என்னைச் சொல்லிக்கிட்டேன். நேத்து அவரையும் சொல்லிட்டேன். நீங்க ஒருத்தர்தான் இன்னும் சொல்லல. சொல்றதா இருந்தா இன்னைக்கே சொல்லிடுங்க. இனிமே என்னால காத்திருக்க முடியாது."

ஆமென் சொல்வதற்குள் கதவு திறந்தது, என் முறை வந்துவிட்டது. ஒரு அடையாளமும் இல்லை. வேலைக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை என்று அக்கா சொல்லியிருந்தார்கள். மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போனேன். திரும்பி வந்து துணிப்பெட்டிக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தேன். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். அவர் முன்னால் அதை விரித்தது அதுதான் முதல் தடவை. என்னிடம் இருந்த குறையை எடுத்து அவர் முன்னால் வைப்பது ஒன்றுதான் மன்னிப்பாகும் என்று எனக்குத் தோன்றியது.

நோட்டு விரிந்த இடம், பெண்கள் ஞாயிறுக்காக எழுதிப் பழகிய பக்கம். மாற்றிப் புரட்டவில்லை. வாசித்தேன். கிழவிபோலத் திக்கித் திக்கி வாசித்தேன். அந்த வார்த்தை வந்தது. நின்றுவிட்டேன். நீங்கள் சிரிக்கலாம். எது கேட்பது, எது கெடுவது என்று அந்த நிமிஷம் எனக்கே மறந்துபோனது. ஒரு தடவை வழுக்கி விழுந்த படியில் மறுபடி கால் வைக்கும்போது எந்தக் கால் என்று தடுமாறுவோமே, அப்படி. ஹிந்தி எழுத்து எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அது இரண்டையும்தான் சொல்லும்.

"கர்த்தரிடத்தில் கெ..." என்றேன்.

டப், டப், டப் என்று சத்தம். அவர் இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். என் பக்கம் திரும்பினார். முகம் கோணி, சிவந்து, அப்படி ஒரு கோபம். பிரஸ்ஸில் பிழையோடு தாள் வந்தால் அப்படித்தான் பார்ப்பார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"க்... க்கே" என்றார்.

"என்னங்க?"

"கே." சட்டத்தில் ஓர் அடி. "கே!"

"கே...?"

"கே... ட்... டே."

கடைசி எழுத்து வரவில்லை. அதை நான் சேர்த்துச் சொன்னேன். "கேட்டேன்." அவர் தலையை ஆட்டினார். மூன்று மாடி ஏறியவர்போல மூச்சு வாங்கிக்கொண்டு தலையணையில் சாய்ந்தார்.

நான் போட்ட சத்தத்தில் பாத்திமா அக்கா கரண்டியோடு ஓடி வந்தார்கள்.

"என்ன புள்ளே? பேசிட்டாரா? என்ன சொன்னாரு?"

"நான் வாசிச்சது தப்புன்னு சொன்னாருக்கா."

அக்கா அவரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "யா அல்லா! வாய் வந்ததும் வராததுமா பொண்டாட்டியத் திருத்துறதா? இவரு பொழச்சுக்குவாரு, நீ பயப்படாத!"

மற்றச் சாட்சிகளில் இந்த இடத்தில் சந்தோஷம் மட்டும் இருக்கும். எனக்குக் கசப்பும் இருந்தது. இரண்டரை மாதம் அவருக்குச் சோறு ஊட்டி, துடைத்து, புரட்டிப் படுக்க வைத்தேன். முதல் வார்த்தையாக என் பெயரைச் சொல்லக் கூடாதா என்று இருந்தது. தண்ணி என்று கேட்டிருந்தால்கூடப் போதும். அவர் வாயைத் திறக்க வைத்தது என்மேல் இருந்த அன்பு இல்லை, என் தப்பு.

அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. காலையில் வரிசையில் நின்று நான் என்ன சொன்னேன்? நீங்க ஒருத்தர்தான் இன்னும் சொல்லல, இன்னைக்கே சொல்லிடுங்க என்றேன். இன்றைக்கே சொல்லிவிட்டார். கேட்டேன் என்று சொன்னார். நம் தமிழில் ஒருவன் வேண்டிக் கேட்பதற்கும் அதே வார்த்தை, காதில் விழுந்தது என்பதற்கும் அதே வார்த்தை. என் கணவர் சொன்னது எனக்குத் திருத்தம். கர்த்தர் சொன்னது எனக்குப் பதில். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அதைத்தான் அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அதிலிருந்து அதுவே எங்கள் பயிற்சி ஆகிவிட்டது. நான் வாசிப்பேன், தப்பு வரும், அவருக்குப் பொறுக்காது, வாயைத் திறப்பார். ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, "ஆண்ட்டி, ஐசே ஹீ கல்தி கர்தே ரஹோ" என்றாள். இப்படியே தப்புச் செய்துகொண்டிருங்கள் என்று அர்த்தம். வாழ்க்கையில் எனக்கு யாராவது அப்படிச் சொல்வார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. பிறகு சிலேட்டு வந்தது. இடது கையால் கோணல்மாணலாக அவர் போட்டுக் காட்டுவார், நான் கீழே எழுதுவேன். 'கெ'வுக்கும் 'கே'வுக்கும் கொம்பில் மேலே ஒரு சுழிதான் வித்தியாசம் என்று நாற்பத்தொன்பதாவது வயதில் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு சுழி தெரியாமல்தான் கெட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவர் நாற்பது, ஐம்பது வார்த்தை பேசுவார். முக்கால்வாசி திருத்தம்தான். அவர் சொன்ன 'வராது' என்பதை இன்றுவரை வாபஸ் வாங்கவில்லை. நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். மன்னித்தாரா, தூங்கிவிட்டாரா என்று தெரியாது. பிரஸ்ஸில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஜெபம் கேட்கப்பட்டது என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என்மேல் எனக்குச் சந்தேகம் போய்விட்டதா என்றால், இல்லை. காலையில் எழுந்ததும் எனக்கு முன்னால் அது எழுந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் இப்போது அதன் முன்னால் வாயைத் திறக்கிறேன். ஜெபக் கூட்டத்தில் என் முறை வந்தால் யார் கையையும் அழுத்துவதில்லை. பாதி ஹிந்தியில் போனாலும் முடித்துவிடுகிறேன்.

போன மாதம் நானே போதகர் ஐயாவிடம் போய், அந்தப் பகுதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி வாசிக்கத் தரும்படி கேட்டேன். தாள் எதுவும் வைக்காமல், தமிழ் எழுத்தைப் பார்த்து, விரலால் தொட்டுக்கொண்டு வாசித்தேன். அந்த வார்த்தை வந்தபோது பாடகர் பக்கம் யாரோ காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. கேட்டேன் என்று வாசித்தேன். வேறு இடத்தில் இரண்டு பிழை விட்டேன். ஆண்கள் பக்கம் கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு தடவையும் ஊன்றுகோலால் தரையில் தட்டினார். சபைக்கே கேட்டது. நான் திருத்திக்கொண்டு மேலே போனேன்.

வாசலில் முதல் பெஞ்சு அம்மா, "பரவாயில்லையே பிள்ளே, தேறிட்ட!" என்றார்கள். பிறகு பின்னால் திரும்பி, "ஏட்டி, கெட்டேன் அக்காவுக்கு வழி விடுங்க" என்றார்கள். பெயர் போகவில்லை. போகாது.

இதை வாசிக்கிறவர்களில், உனக்கு வராது என்று யாரோ சொல்ல, அதை நம்பி வாயை மூடிக்கொண்டிருக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. ஒன்றே ஒன்று. கர்த்தரிடத்தில் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த எழுத்தில், தெரிந்த பாஷையில், தப்பும் தவறுமாகக் கேளுங்கள். வரிசையில் நின்றுகொண்டும் கேட்கலாம். அவர் போஸ்ட்மேன் இல்லை. நீங்கள் எதிர்பார்க்கிற குரலில் பதில் வராமல் இருக்கலாம். உங்களுக்குப் பிடிக்காத ஒருவர் வாயிலிருந்தும் வரலாம். வந்தால் தள்ளிவிடாதீர்கள். என்னைக் கேட்டவருக்கு ஸ்தோத்திரம்.

நான் மறுபடி வாசித்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை. மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதினேன். வெல்லம் என்பதை 'வேல்லம்' என்று எழுதியிருந்தேன். அவர் இடது கையால் பேனாவை வாங்கி மேலே இருந்த சுழியை அடித்தார். கடைக்குப் போய் அரைக் கிலோ வாங்கி வந்தேன்.